விண்கப்பலை விட்டு இறங்கியவர்கள்: வாசகர் கேள்வி பதில்

நீண்டகாலம் ஓடும் தொலைக்காட்சித் தொடர்கள் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்குச் சில வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதன் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விஞ்ஞானப் புனைகதைத் தொடர்கள் தம் பார்வையாளரை இழப்பது ஏன் என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆகையால் இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி: மதிப்புக்குரிய ஐயா, ரொறன்ரோவில் வாழும் என் பெரிய மாமா, விண்கப்பலில் பயணம் செய்வோரின் கதையைச் சொல்லும் அமெரிக்கத் தொடர் வரிசையான 'ஸ்டார் ட்ரெக்' தொடர்களின் தீவிர இரசிகராக இருந்தவர். கனடாவுக்குப் போன புதிதில் ஆங்கிலம் பழகியதே அவற்றைப் பார்த்துத்தான் என்று சொல்வார். ஆனால் 2001இல் தொடங்கிய 'என்டர்பிரைஸ்' தொடரைச் சில வாரங்கள் பார்த்தபின் கைவிட்டுவிட்டாராம். ஏன் என்று கேட்டால், "கதை கெட்டுப்போச்சு பிள்ளை" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்வதில்லை. இலட்சக்கணக்கானோர் ஒரே காலத்தில் விலகியதற்குக் கதை கெட்டது ஒன்றுதான் காரணமா?

பதில்: உங்கள் மாமா சொன்னது பிழை என்று நான் தள்ளப்போவதில்லை. ஆனால் அது பாதி விடைதான். முதலில் எண்களைப் பார்ப்போம். 1994 மே மாதத்தில் 'ஸ்டார் ட்ரெக்' வரிசையின் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் இறுதி அத்தியாயத்தை அமெரிக்காவில் 30 மில்லியன் பேர் வரை பார்த்ததாகக் கணக்கிடப்பட்டது. 1995 ஜனவரியில் அதே வரிசையில் 'வொயேஜர்' தொடங்கியபோது முதல் அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 21 மில்லியன். 2001 செப்டெம்பரில் 'என்டர்பிரைஸ்' தொடங்கியபோது அது 12.5 மில்லியனாகக் குறைந்திருந்தது. 2005 மே மாதத்தில் அந்தத் தொடர் நிறுத்தப்பட்ட வேளையில் வாரந்தோறும் பார்த்தவர்கள் 3 மில்லியன் அளவில்தான் இருந்தார்கள்.

இந்த இறக்கத்தைக் கதையின் தரத்தோடு மட்டும் பொருத்திப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. அதே வரிசையில் 1993 முதல் 1999 வரை ஓடிய 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்கிரமிப்பிலிருந்து மீண்ட ஒரு மக்கள் கூட்டம், அந்த ஆக்கிரமிப்பாளரோடு ஒத்துழைத்த தம்மவரை என்ன செய்வது என்று தவிப்பதையும், போர் நல்லவர்களையும் எப்படி மாற்றிவிடுகிறது என்பதையும் இந்த வரிசையில் வேறெந்தத் தொடரும் இவ்வளவு ஆழமாகப் பேசவில்லை என்பது என் துணிபு. பஜோர் எனப்படும் அந்த மக்களின் கதையில், நம் மண்ணிலிருந்து பார்ப்பவர்கள் மனம் பதறாமல் கடந்துபோக முடியாத இடங்கள் பல உண்டு. இருந்தும் அந்தத் தொடரின் பார்வையாளர் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. நன்றாக எழுதப்பட்ட தொடரையும் விட்டுப் போனார்கள் என்றால், காரணத்தை வேறிடத்திலும் தேட வேண்டியிருக்கிறது.

உங்கள் மாமா ஏன் போனார் என்று கேட்பதைக் காட்டிலும், அவர் விட்டுப்போன இடத்துக்கு ஏன் ஒருவரும் வரவில்லை என்று கேட்பதே பயனுள்ளது என நான் நினைக்கிறேன். எந்தத் தொடரும் ஒவ்வோர் ஆண்டும் தன் பார்வையாளரில் ஒரு பகுதியினரை இழந்தே தீரும். ஒருவர் இரவு வேலைக்கு மாறுகிறார், இன்னொருவர் வீட்டில் குழந்தை பிறக்கிறது, வேறொருவருக்கு அந்த வயதுக்குரிய ஆர்வம் அடங்கிவிடுகிறது. இவர்கள் யாரும் தொடரோடு கோபித்துக்கொண்டு போனவர்கள் அல்லர். நம் ஊர்க் கிணறு இறைக்க இறைக்க ஊறுவதுபோல, போனவர் இடத்துக்குப் புதியவர் வந்துகொண்டிருக்கும் வரை இந்த இழப்பு வெளியே தெரிவதில்லை. ஊற்று அடைபட்ட பிறகுதான் எவ்வளவு இறைத்திருக்கிறோம் என்பது கண்ணுக்குப் படுகிறது.

1966 செப்டெம்பர் 8ஆம் திகதி தொடங்கிய முதல் 'ஸ்டார் ட்ரெக்' தொடர் மூன்று பருவங்களோடு, 79 அத்தியாயங்களோடு நின்றுபோனது. அதைப் பெருந்தொடராக வளர்த்தது 1970களின் மறு ஒளிபரப்பு. உள்ளூர் நிலையங்கள் அவ்வத்தியாயங்களை மலிவாக வாங்கி மாலை வேளைகளில் திரும்பத் திரும்பப் போட்டன. பள்ளி விட்டு வந்த பிள்ளை எந்த அத்தியாயத்தில் தொடங்கினாலும் அது தன்னளவில் முழுமையான ஒரு கதையாக இருந்தது. கப்பற்தலைவர் கேர்க் யார், அவருடைய துணை அதிகாரி ஸ்பொக் யார் என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். முன்கதை தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. அந்தப் பிள்ளைகள்தாம் வளர்ந்து 1987இல் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' வந்தபோது அதன் பார்வையாளராக அமர்ந்தார்கள்.

அதன் பிறகு நடந்தது என்ன? 1987 முதல் 2005 வரையான 18 ஆண்டுகளில் ஓர் ஆண்டும் இடைவெளி விடாமல் நான்கு தொடர்கள், மொத்தம் 624 அத்தியாயங்கள் வெளிவந்தன. சில ஆண்டுகள் ஒரே நேரத்தில் இரண்டு தொடர்கள் ஓடின. இவற்றுக்கு நடுவே ஆறு திரைப்படங்களும் வந்தன. தயாரிப்புத் தலைமை பெரும்பாலும் ஒரே கையில் இருந்தது. எழுத்தாளரும் இசையின் சாயலும் ஒளியமைப்பும் ஒரு தொடரிலிருந்து அடுத்ததற்குக் கைமாறின. ஆண்டுக்கு 26 அத்தியாயங்கள் எழுதித் தள்ள வேண்டிய நெருக்கடியில், ஏற்கெனவே ஓடிய தடத்திலேயே வண்டியை விடுவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

'வொயேஜர்' தொடரின் அடிப்படைக் கதையைப் பாருங்கள். பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு கப்பல் தனித்து விடப்படுகிறது. வீடு திரும்ப 75 ஆண்டுகள் செல்லும். கப்பலில் ஒரு பகுதியினர் அரசுக்கு எதிராகக் கலகம் செய்தவர்கள். முதற் பருவத்திலேயே, தம்மிடம் இருப்பவை 38 ஏவுகணைகள்தாம், அவற்றை ஈடுசெய்ய வழியில்லை என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. இதைக் கேட்ட எவரும் பசியும் பற்றாக்குறையும் உட்பகையும் நிறைந்த ஒரு பயணக்கதையை எதிர்பார்ப்பார்கள். ஆனால் ஒவ்வொரு வாரமும் கப்பல் புதிதாகக் கழுவித் துடைத்ததுபோல் வந்து நின்றது. கலகக்காரர் சில வாரங்களில் ஒழுங்கான மாலுமிகளாகிவிட்டனர். இரசிகர்கள் எண்ணிப் பார்த்தபோது, 38ஐத் தாண்டியும் ஏவுகணைகள் பாய்ந்துகொண்டிருந்தன. எந்த இழப்பும் அடுத்த வாரத்துக்கு நிலைக்காது என்று பார்வையாளர் ஒருமுறை அறிந்துகொண்டால், இந்த வாரம் பார்க்காமல் விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது என்பதையும் கூடவே அறிந்துகொள்கிறார்.

'என்டர்பிரைஸ்' புதியவருக்கு வாசல் திறக்கவென்றே திட்டமிடப்பட்டது. கதை கேர்க்கின் காலத்துக்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முற்பட்டது. தொடக்கத்தில் பெயரிலிருந்து 'ஸ்டார் ட்ரெக்' என்ற சொற்களைக்கூட நீக்கியிருந்தார்கள். 12.5 மில்லியன் பேர் அந்த வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. உள்ளே இருந்ததோ அவர்கள் ஏற்கெனவே அறிந்த வீடு.

இங்கே ஒரு சிறு விடயத்தைக் கிட்ட நின்று பார்ப்பது நல்லது. 1960களின் தொடரில் கிளிங்கன் என்ற வேற்றுக்கிரகத்தவரின் நெற்றி மனிதர் நெற்றியைப் போலவே மழமழப்பாக இருக்கும். ஒப்பனைக்குச் செலவிடப் பணம் இருக்கவில்லை. 1979இன் திரைப்படத்தில் அவர்களுக்கு மேடுபள்ளமான நெற்றி வந்தது. பார்வையாளர் அதை ஏற்றுக்கொண்டு கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 2005இல், தொடரின் உயிர் ஊசலாடிய கடைசிப் பருவத்தில், அந்த நெற்றி ஏன் மாறியது என்பதற்கு மரபணுக் காரணம் கூறி இரண்டு அத்தியாயங்கள் எழுதப்பட்டன. அவை திறமையாகவே எழுதப்பட்டவை. பழைய இரசிகர் மகிழ்ந்ததும் உண்மை. ஆனால் அந்த வாரம் முதன்முதலாகத் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்த ஒரு பதினாறு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தான் கேட்காத கேள்விக்குச் சொல்லப்படும் பதிலை அந்தப் பிள்ளை எதற்காகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்? எஞ்சியிருக்கும் இரசிகர் எந்த அளவுக்குக் குறைகிறார்களோ அந்த அளவுக்குத் தயாரிப்பாளர் அவர்களையே இறுகப் பற்றுகிறார். அந்தப் பிடி இறுக இறுகப் புதியவர் நுழையும் இடம் சுருங்கிப்போகிறது. உங்கள் மாமா உணர்ந்த கெடுதி இந்தச் சுருக்கத்தின் அடையாளம் என்றே நான் கருதுகிறேன்.

நெல்லியடியிலிருந்து ஒரு வாசகர்: ஒரே தடத்தில் ஓடினால் சனம் சலித்துவிடும் என்கிறார்கள். அப்படியானால் நம்மூர் அம்மன் கோயில்களில் காத்தவராயன் கூத்தைத் தலைமுறை தலைமுறையாக விடிய விடியப் பார்க்கிறார்களே? இசைநாடகக் கலைஞர் வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தை எத்தனை தரம் போட்டாலும் ஊர் திரண்டதே? கதை தெரிந்திருப்பது எப்போது குறையாகிறது?

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையது. கதை தெரிந்திருப்பது ஒருபோதும் குறையாகாது என்றே சொல்வேன். காத்தான் கழுவேறப் போகிறான் என்பது சபைக்குத் தெரியும், அவன் எப்படி ஏறுகிறான் என்று காணத்தான் வருகிறார்கள். அரிச்சந்திரன் சுடலையில் நிற்கும்போது தாலி பற்றிய அந்தப் பேச்சு வரப்போகிறது என்று அறிந்தே வைரமுத்துவின் குரலுக்காகக் காத்திருந்தார்கள். அங்கே கதை முழுமையானது. தொடங்கிய இரவிலேயே முடிகிறது. முடிந்த பின் ஓர் ஆண்டு போகிறது. அந்த ஆண்டில் பிள்ளைகள் வளர்ந்து, முதன்முறையாக விழித்திருந்து பார்க்கும் வயதை அடைகிறார்கள். கூத்துக்குப் புதிய பார்வையாளரை ஊரே உண்டாக்கிக் கொடுக்கிறது. பாட்டியின் மடியில் இருந்தபடி, யார் இவன், ஏன் அழுகிறான் என்று கேட்டுக் கேட்டுக் கதைக்குள் வருகிறார்கள்.

தொலைக்காட்சித் தொடருக்கு இந்த முடிவும் இல்லை, இந்த இடைவெளியும் இல்லை. முடிவு வந்தபோதும் அது எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். 2005 மே 13இல் ஒளிபரப்பான 'என்டர்பிரைஸ்' இறுதி அத்தியாயத்தில், நான்கு ஆண்டுகளாகப் பார்வையாளர் கூடவே வந்த மாலுமிகள் தம் கதையின் நாயகர்களாகவே இல்லை. 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் ரைக்கர் என்ற அதிகாரி, தன் மனக்குழப்பம் ஒன்றுக்கு விடை தேடி, இவர்களைக் கணினி உண்டாக்கிய உருவங்களாக ஓர் அறையில் ஓடவிட்டுப் பார்க்கிறார். டிரிப் என்ற பாத்திரத்தின் சாவுகூட அவர் பார்க்கும் காட்சியாகத்தான் நிகழ்கிறது. இரசிகருக்கு நன்றி சொல்வதாக எண்ணிச் செய்தார்களாம். இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஒரு கூத்தில் கழுமரம் ஏறும் வேளையில் காத்தானை ஓரமாக நிறுத்திவிட்டுப் போன வருடத்துக் கூத்தின் இராசாவைக் கொண்டுவந்து நடுவில் இருத்தினால், நெல்லியடிச் சபை பொறுத்துக்கொள்ளுமா?

உங்கள் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரே இரவில் காத்தானாக ஒருவர் பின் ஒருவராகப் பல நடிகர் வருவதை நம் சபை தயக்கமின்றி ஏற்கிறது. பிரித்தானியாவின் விஞ்ஞானப் புனைகதைத் தொடரான 'டொக்டர் ஹூ' இதே வழியை 1966இல் கண்டுகொண்டது. முதல் நாயகர் வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை தளர்ந்தபோது, டொக்டர் என்ற அந்த வேற்றுக்கிரக நாயகர் உருமாறக் கூடியவர் என்று சொல்லி பற்றிக் ட்ரௌட்டன் அவ்விடத்துக்கு வந்தார். ஒவ்வொரு புதிய முகத்தோடும் தொடர் தன்னைத் திரும்ப அறிமுகம் செய்துகொள்ள முடிந்தது. 1963 முதல் 1989 வரை அது ஓடியதற்கு இந்த உத்தி பெருங்காரணம். அதுவும் 1980களில் தன் பழைய எதிரிகளையும் பழைய கதைகளையும் அளவுக்கு மீறி நினைவூட்டத் தொடங்கியபோது சறுக்கியது.

2005 மார்ச்சில் அது திரும்பி வந்த விதத்தை எல்லாத் தயாரிப்பாளரும் படிக்க வேண்டும் என்பேன். முதற் காட்சியில் டொக்டர் இல்லை, வேற்றுக்கிரகமும் இல்லை. கடிகார மணி அடிக்க ஓர் இளம்பெண் எழும்புகிறாள், லண்டன் துணிக்கடையொன்றுக்கு வேலைக்குப் போகிறாள், மாலையில் கடையின் நிலவறையில் பொம்மைகள் அசையத் தொடங்குகின்றன. டொக்டர் என்பவர் யார் என்பது அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரிய வேண்டியதில்லை. அவள் அறிய அறிய நாமும் அறிகிறோம். அன்று பிரித்தானியாவில் 10 மில்லியனுக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். 26 பருவங்களின் பழங்கதை எதுவும் அழிக்கப்படவில்லை. அதை முதல் நாளே தலையில் சுமத்தவில்லை, அவ்வளவுதான்.

மானிப்பாயிலிருந்து ஒரு வாசகர்: தொடரை எழுதுபவர்களையே குறை சொல்கிறோம். ஒளிபரப்பும் நேரமும் அலைவரிசையும் காரணமில்லையா?

பதில்: நிச்சயமாகக் காரணம்தான். 1968இல் இரசிகர் கடிதம் எழுதிக் காப்பாற்றிய முதல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரை, என்பிசி நிறுவனம் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளியது. அதன் இளம் பார்வையாளர் வீட்டில் இராத நேரம் அது. ஓராண்டில் தொடர் முடிந்தது. 'டொக்டர் ஹூ' தன் கடைசி மூன்று ஆண்டுகளில் நாட்டின் மிகப் பிரபலமான குடும்பத் தொடரான 'கோரனேஷன் ஸ்ட்ரீட்' ஓடும் அதே வேளையில் எதிரே நிறுத்தப்பட்டது. 'வொயேஜர்', 'என்டர்பிரைஸ்' இரண்டும் யூபிஎன் என்ற புதிய, வலுவில்லாத வலையமைப்பில் ஓடின. அதற்கு முந்திய இரண்டு தொடர்களும் நிலையம் நிலையமாக விற்கப்பட்டதால் அவை எட்டிய வீடுகள் அதிகம். 1960களில் அமெரிக்கருக்கு மூன்று பெரிய வலையமைப்புகளே இருந்தன, 2000களில் கேபிள் வழியே நூற்றுக்கணக்கான அலைவரிசைகள் வந்துவிட்டன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்மைய உதாரணம் ஒன்றும் உண்டு. 2017இல் தொடங்கிய 'டிஸ்கவரி' என்ற 'ஸ்டார் ட்ரெக்' தொடர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே நெட்ஃபிளிக்ஸில் கிடைத்தது. 2021 நவம்பரில், நான்காம் பருவம் தொடங்க இரண்டு நாட்களே இருந்தபோது, தொடர் முழுவதும் அங்கிருந்து எடுக்கப்பட்டது. தயாரிப்பு நிறுவனம் தன் சொந்தச் சேவைக்கு ஆள் சேர்க்க விரும்பியது. அந்தச் சேவையோ பல நாடுகளை அப்போது எட்டவேயில்லை. பார்க்க ஆயத்தமாக இருந்தவரையே வெளியே நிறுத்திவிட்டுப் பார்வையாளர் குறைகிறார் என்று கவலைப்படுவதில் நியாயமில்லை. இருந்தும் நேரத்தையும் அலைவரிசையையும் முதற்காரணமாக நான் கொள்ளமாட்டேன். மூன்றே பருவங்களில் நிறுத்தப்பட்ட முதல் தொடர், எந்த நேரத்தில் போட்டாலும் புதிதாக ஆள் சேர்த்ததே!

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: பெண்களையும் கறுப்பினத்தவரையும் தலைமைப் பாத்திரங்களாக்கியதால்தான் இந்தத் தொடர்கள் பார்வையாளரை இழந்தன என்று என் நண்பர் வாதிடுகிறார். சரியா?

பதில்: சரியில்லை. 1966இலேயே கறுப்பினப் பெண்ணான நிச்செல் நிக்கல்ஸும் ஜப்பானிய வம்சாவளியினரான ஜோர்ஜ் டக்கேயும் முதல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கப்பலில் கட்டளை மேடையில் அதிகாரிகளாக அமர்ந்திருந்தார்கள். அது இந்தத் தொடரின் பிறவிக் குணம். 21 மில்லியன் பேர் கூடிப் பார்த்த 'வொயேஜர்' முதல் அத்தியாயத்தின் கப்பற்தலைவி கேட் மல்குரூ ஏற்ற ஜேன்வே. 3 மில்லியனுக்கு இறங்கிய 'என்டர்பிரைஸ்' கப்பலின் தலைவரோ ஒரு வெள்ளையின ஆண். உங்கள் நண்பரிடம் இந்த இரண்டு எண்களையும் கொடுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து ஒரு மாணவி: நான் இந்தத் தொடர்களில் ஒன்றையும் பார்த்ததில்லை ஐயா. அத்தியாயங்களின் தொகையைக் கண்டதுமே மலைப்பாக இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

பதில்: உங்கள் மலைப்பு நியாயமானது. வெளிநாட்டில் இருந்தவர்கள் வாரம் ஒன்றாகப் பார்த்து வளர்ந்த 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரமே இருக்கவில்லை. ஆகவே நமக்கு இவை மெல்ல மெல்லச் சேர்ந்தவையாக இல்லாமல் ஒரே குவியலாக முன்னால் நிற்கின்றன. குவியலின் அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் ஐந்தாம் பருவத்தில் 25ஆம் அத்தியாயத்தை எடுங்கள். 1992இல் வந்தது, பெயர் 'தி இன்னர் லைட்'. கப்பற்தலைவர் பிக்கார்ட் மயங்கி விழுகிறார். வெளியே ஏறத்தாழ 25 நிமிடங்கள் கழிகையில், அவர் உள்ளே முன்பின் அறியாத ஒரு வரண்ட கிரகத்தில், வேறொரு பெயரோடு ஒரு வாழ்நாளையே வாழ்ந்து முடிக்கிறார். திருமணம் செய்கிறார், பிள்ளைகளை வளர்க்கிறார், மழை பொய்த்துக்கொண்டே போவதைப் பார்த்துக் கவலைப்படுகிறார், ஒரு சிறு புல்லாங்குழலைப் பிழைபிழையாக வாசித்துப் பழகுகிறார். ஏன் இப்படி நேர்ந்தது என்பதைக் கடைசி நிமிடங்களில் அறிவீர்கள்; அதை இங்கே சொல்லமாட்டேன். முன்கதை எதுவும் வேண்டாம், முக்கால் மணிநேரம் இருந்தால் போதும். பிடித்திருந்தால் அதே தொடரின் மூன்றாம் பருவத்துக்குப் போய் அங்கிருந்து வரிசையாகப் பாருங்கள். முதல் இரண்டு பருவங்களும் தடுமாற்றமானவை, அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் சேர்த்துக்கொள்கிறேன்.